கேள்விக்காகத் தூக்கிய கை

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்க இன்னும் சில நாள் இருக்கிறது, அதற்குள் மொட்டை மாடியில் காய்ந்த வேட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. வெயிலும் குறையவில்லை.

ஆராதனை முடிந்து சபைக் கமிட்டிக் கூட்டம். எழுதவே தயக்கம். ஆனாலும் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

பொருளாளர் ஜெபராஜ் கொண்டுவந்த தீர்மானம். முதல் பகுதி: ஆலயக் கூரையில் சோலார் பேனல் போடுவது, டீசல் ஜெனரேட்டரை விற்றுவிடுவது. இரண்டாம் பகுதி: நிலக்கரி எரிப்பது படைப்புக்கு விரோதமான பாவம், ஆகவே அனல் மின் நிலையங்களை உடனே மூட வேண்டும் என்று சபையின் பேரில் அரசுக்கு எழுதுவது. இரண்டும் சேர்ந்து ஒரே தீர்மானம், ஒரே வாக்கெடுப்பு.

ஜெப. நன்றாகத்தான் பேசினார். அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளமாம். காற்றடித்தால் காயப்போட்ட துணி, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் படியுமாம். 

பிறகு சாமுவேல் எழுந்தான். என் மனைவி ரூபியின் தம்பி. அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரூபி போன பிறகு இந்த ஊரில் எனக்கென்று இருப்பவன் அவன்தான். காலை நடை, மாலைக் காபி, நான் மாத்திரை போட்டேனா என்று கேட்பது வரை.

"சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே சுவிட்சப் போடுது. அப்ப உங்க சூரியன் வீட்டுக்குப் போயிருக்கும். யாரு கரண்டு குடுக்கா?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். "பாவம்னு எழுதியிருக்கீகளே, அங்கன வேல பாத்தவன் யாரு?" என்றான். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆளைச் சொல்லவில்லை, கொள்கையைத்தான் சொல்கிறோம் என்றார் ஜெப.

போதகர், ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். எனக்கு ஒரு கேள்வி. இரண்டு பகுதியையும் தனித்தனியாக வாக்குக்கு விடலாமா என்று. கையைத் தூக்கிவிட்டுப் பேசு என்று ஆயுள் முழுக்க வகுப்பில் சொல்லிச் சொல்லி, எனக்கே அது பழக்கமாகிவிட்டது. தூக்கினேன். போதகர் எண்ணிவிட்டார். ஒரே வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஜெப. வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலி மடிக்கிற சத்தத்தின் நடுவே சாமு. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னை ஏற்றிக்கொள்ளாமல் ஸ்கூட்டரில் போய்விட்டான். ஷேர் ஆட்டோவில் வீடு.

அறுப்பின் பண்டிகை வேலைக்காக அடுத்த ஞாயிறே மறுபடி கூட்டம்.

ஜூலை 14, திங்கள்

வாசலில் நின்று பார்த்தேன். சாமு. வரவில்லை. வில்லாபுரம் பூங்காவில் தனியாக அரைச் சுற்று. திரும்பிவிட்டேன்.

செய்ய:
சொட்டுகிற குழாய்க்கு வாசர்.
இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர்.
சாமு.விடம் பேச. (அடித்துவிட்டேன். மறுபடி எழுதியிருக்கிறேன்.)

டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிவரும்போது ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர், காற்றாலை பற்றிப் பேச்சு. "ஊரு பூரா காத்தாடி சுத்துது, பில்லு மட்டும் இறங்கக் காணோம்ணே." "காத்துக்கா பில்லு போடுறான்? அதக் கொண்டாற கம்பிக்குல்ல மாப்ள போடுறான்." ஓட்டுநர் திரும்பாமலே, "எலெக்சன் வரட்டும்ணே, காத்தையும் இலவசமாத் தந்துருவாங்க" என்றார். சிரித்தேன். சாமு.விடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உடனே ஞாபகம் வந்தது.

வாசர் மறந்துவிட்டது.

கேள்வி இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எந்தப் பக்கமும் கை தூக்கியிருக்க மாட்டேன். அதுதான் என் வழக்கம். ஆனால் பேனல் வர வேண்டும் என்பது என் உண்மையான எண்ணம். ஜெனரேட்டர், ஞாயிறு பள்ளி ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆற்றல் பாடத்துக்கு வருடா வருடம் அதே படம்: சூரியன், காற்றாலை, புகைபோக்கி. புகைபோக்கி மேலே கரும்புகைக்குச் சாக்பீஸைப் படுக்கப் போட்டுத் தேய்ப்பேன். அதற்குக் கீழே ஓர் ஆள் நிற்பான் என்று வரைந்ததில்லை. அந்த வருடங்களில் சாமு. அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

ஜூலை 16, புதன்

சர்க்கரை பரவாயில்லை. இரத்த அழுத்தம் கூடுதல்.

மாலையில் ஜெப. வீட்டுக்கு வந்தார். கூரை வரைபடம், பேனல் எந்தத் திசை பார்க்க வேண்டும், எல்லாம் கொண்டுவந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். அவருடைய பேரனுக்கு இளைப்பு. குழந்தைக்கு முகமூடி மாட்டிப் புகை மருந்து கொடுப்பதை வாரத்தில் எத்தனை முறை பார்க்கிறாராம். நல்ல மனிதர். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன்.

"நீங்க கை தூக்குவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல சார்."

"நானும் நெனைக்கல" என்றேன்.

தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. சிரித்தார். பேனல் துணைக்குழுவில் என் பெயரையும் சேர்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 17, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் கிடையாது. இந்த நாளில் சாமு. தவறாமல் இங்கே வந்துவிடுவான். என் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, அவனிடம் இல்லை. கரண்டு தயாரித்தவன் வீட்டில் காற்றாடி நின்றுவிட்டது என்று நான் கேலி செய்வதும், அதற்கு அவன் முறைப்பதும் வழக்கம். அவனுக்காக ஈஸிசேரைக் காற்றாடிக்குக் கீழே இழுத்துப் போட்டேன். வரவில்லை.

அவன் மனைவி லீலா போன் செய்தாள். "பனியனோட உக்காந்து விசிறிக்கிட்டு இருக்காக அண்ணே. அங்க போங்கன்னா கேக்க மாட்டேங்காக. பாவம்னு எழுதிட்டாக, பாவம்னு எழுதிட்டாகன்னு அதையேதான் சொல்றாக."

மத்தியானம் குடையோடு போனேன். அவன் எழுந்தான், உட்காரச் சொன்னான், அவ்வளவுதான். லீலா மோர் கொடுத்தாள். கை எதற்குத் தூக்கினேன் என்று சொன்னேன். நம்பவில்லை.

"கேள்வி கேக்கவா? அம்புட்டுப் பேரு முன்னாடி நீங்க? எங்க அக்கா கல்யாணத்துல இலையில சோறு வைக்கலன்னு கேக்காம பசியோட எந்திரிச்ச ஆளு நீங்க."

அது உண்மைதான். ரூபி சாகும்வரை சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. விசிறியைக் கீழே வைத்தான். "அத்தான், அந்தச் சாம்பல் என் நெஞ்சுக்குள்ளதான் இருக்கு. இருமுனா நீங்கதான தண்ணி எடுத்துத் தாரீக. அது பாவம்னா சுமக்குறவன் நான். ஆனா அத லெட்டர்ல எழுதி அனுப்ப இவுகளுக்கு என்ன இருக்கு?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்ப ஞாயித்துக்கிழம எந்திரிச்சு, அது ஓட்டு இல்லன்னு சொல்லுங்க" என்றான். சரி என்றேன். சொல்லிவிட்டு வெயிலில் நடந்துவரும்போதே பயம்.

ஜூலை 19, சனி

போதகரிடம் போனில் கேட்டேன். போன கூட்டக் குறிப்பை வாசிக்கும்போது திருத்தம் சொல்லலாமாம். என் வாக்கை எடுத்துவிட்டால் இரு பக்கமும் சமம், தீர்மானம் விழுந்துவிடும். முழுவதுமாக. பேனலும் போகும். தீர்மானத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் கொண்டுவந்தவர், அதாவது ஜெப. சம்மதிக்க வேண்டும்.

ஆகவே:
பேசாமல் இருந்தால், பேனல் வரும், சாமு. வர மாட்டான்.
பேசினால், சாமு. வருவான், ஜெனரேட்டர் அதே ஜன்னலுக்குக் கீழே.

இப்படி எழுதிப் பார்த்தால் ஏதோ கணக்கு மாதிரி இருக்கிறது. கணக்கு இல்லை.

சொல்ல வேண்டியதை இரண்டு வாக்கியமாக்கிக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். பால்காரர் கேட்டுவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

வந்ததும் எழுதுகிறேன்.

குறிப்பு வாசித்தார்கள். திருத்தம் உண்டா என்றார் போதகர். சாமு. எதிர் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை.  திருத்தம் இல்லை என்று போதகர் பேனாவை எடுத்தார். கை மேலே போய்விட்டது.

"சார், இது ஓட்டா, கேள்வியா?" என்றார் போதகர். எல்லோரும் சிரித்தார்கள். தயாரித்த இரண்டு வாக்கியமும் போய்விட்டன.

"கேள்வி. போன வாரமும் கேள்விதான்" என்றேன். ஜெப. முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரித்து வைத்தால் பேனலுக்கு என் வாக்கு உண்டு, கடிதத்துக்குக் கிடையாது, பிரிக்க முடியாதென்றால் என் கையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

ஜெப. கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்ப அந்தப் புகை தப்பில்லையா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தப்புதான். ஆனா அந்த வெளிச்சத்துல நாம எல்லாரும்தான உக்காந்து படிச்சோம், ஜெபம் பண்ணினோம். பாவம்னு எழுதினா நம்ம எல்லார் பேரையும் எழுதணும்."

 சாமு.வுக்கு அப்போதுதான் இருமல் வந்தது. நிற்கவில்லை. ஜெப. பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை யாரோ வரிசை வரிசையாகக் கைமாற்றி அவனிடம் கொடுத்தார்கள். இருமல் அடங்கும்வரை ஜெப. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தாளை இரண்டாகக் கிழித்தார். பிரிச்சுக்கலாம் என்றார்.

பேனல் நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் சாமு.வின் கைதான் உயரம். இரண்டாவது பாதியை இப்போது வாக்குக்கு விடவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வேறு வழி செய்துவிட்டுப் படிப்படியாக மூடுவது என்ற மாதிரி மாற்றி எழுதிக்கொண்டு வரலாம், ஜெபராஜும் சாமுவேலும் சேர்ந்து எழுதட்டும் என்றார் போதகர். 

வெளியே வருவதற்குள் ஸ்கூட்டர் போய்விட்டது. இன்றும் ஷேர் ஆட்டோ.

சொன்னது சரியா? தெரியவில்லை. புகையைக் குறைத்துப் பேசிவிட்டேனோ என்று ஒரு எண்ணம். ஜெப.வுக்குப் போன் செய்தேன், வேறு அழைப்பில் இருந்தார். நெடுநேரம் அப்படியே.

ஜூலை 21, திங்கள்

மூட்டமாக இருந்தது. தூறல் வரும் போல, வரவில்லை.

வாசலில் ஹாரன். சாமு.

"மேகமா இருக்கு. உங்க பேனலுக்கு இன்னைக்கு லீவாக்கும்?"

செருப்பைத் தேடிப் போட்டேன்.  பூங்காவில் முதல் சுற்று முழுவதும், ராத்திரி ஜெப. போன் செய்து பேசியதைத் திட்டிக்கொண்டே வந்தான். ஒரு வரி கூட ஒத்துப்போகவில்லையாம். கடிதத்தைச் சேர்ந்து எழுத நாளைக்கு அவர் வீட்டுக்குப் போகிறானாம். இரண்டாவது சுற்றில் வேப்பமரத்தடியில் நின்றான்.

"அவுக அக்கா ஊரு சாம்பல் குளம்னு சொன்னாருல்ல. அது எங்க பிளான்ட் இல்ல அத்தான்." வேப்பிலை ஒன்றைக் கிள்ளியபடி, "ஆனா எங்களுதும் அப்படித்தான்" என்றான்.

பிறகு இருமல். அடங்கும்வரை நின்றோம். பாட்டில் நான்தான் கொண்டுபோயிருந்தேன்.

குழாய் இன்னும் சொட்டுகிறது. வாசர்.