உங்கள் பெயரில் ஒரு பிக்கப்

அண்ணா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றரை ஆகப் போகிறது. பகலில் உட்கார்ந்தால் பையன் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறான். தவிர, பகலில் கோபப்படுவதற்குக்கூட எனக்கு நேரம் கிடைப்பதில்லை.

கூடம் முழுக்கப் பெயின்ட் நாற்றம். உங்கள் மாப்பிள்ளை சாயங்காலம் ஒரு பலகையைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். வண்டியின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே மாட்டுவார்களே, அந்தப் பலகை. மஞ்சளில் சிவப்பு எழுத்தாக உங்கள் பெயர், இரண்டு பக்கமும் தாமரை. இன்னும் காயவில்லை. பையன் தொட்டுப் பார்த்து விரலையெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டு, "மாமா வண்டி வருது" என்று வீடெல்லாம் ஓடினான். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். நகக்கண்ணில் மட்டும் போகவில்லை.

வண்டி இன்னும் வாங்கவில்லை அண்ணா. பலகைதான் முதலில் வந்திருக்கிறது. நம் ஊர் ஆண்கள் வண்டி வாங்கும் லட்சணம் இது.

"காலைல நாமக்கல் போயி அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தர்றேன்" என்றார். "மச்சான் வெச்சிருந்த அதே பிக்கப்பு. அதே வெள்ளை. பாடியும் அதே மாதிரி கட்டிக்கலாம். ஜீப்பு செட்டுல சும்மாதான கெடக்குது? அடுத்த போட்டிக்கு ஏத்திக்கிட்டுப் போலாம். நீயும் பையனும் முன்னாடி எங்கூட உக்காந்துக்குங்க."

அதே பிக்கப். அதே பாடி. முன் சீட்டில் என் பிள்ளை. எனக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி. அவர்மேல் மட்டுமில்லை. உங்கள்மேல்தான் அதிகம்.

நீங்கள் அந்தப் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்த நாள் நினைவிருக்கிறதா? பையனுக்கு ஒரு வயது முடிந்திருந்தது, இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வந்திருந்தேன். உங்கள் போட்டி ஜீப் பாறையில் ஏறும், சேற்றுக் குழியில் நீந்தும், ஆனால் தார் ரோட்டில் ஊர் விட்டு ஊர் ஓட்டினால் அந்தப் பல் டயர் தேய்ந்துபோகும் என்று அதைச் சுமந்துபோக ஒரு வண்டி பார்த்தீர்கள். புரோக்கரின் இடத்தில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று நாலு வீல் பிக்கப். இன்னொன்று பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட ஆறு வீல் வண்டி. விலையில் பெரிய வித்தியாசம்கூட இல்லை.

இரண்டின் ஆர்சி புக்கையும் வாங்கிப் பார்த்துவிட்டு நான் சொன்னேன். "ஏனுங்ணா, ஜீப்பு, அதுக்குப் போட்ட கூண்டு, கட்டி இழுக்கற வின்ச்சு, ஸ்பேர் டயரு, நாலு ஆளுங்க. இத்தனையும் இந்தப் பிக்கப்பு தாங்காதுங்ணா. ஆறு வீலையே எடுத்துக்கலாம்."

"போ அம்மிணி. போட்டிக்கு அதுல போயி எறங்குனா, சிமெண்டு மூட்ட எறக்க வந்தவன்னு நெனச்சுப் பின்னாடி கேட்டுக்குப் போகச் சொல்லுவானுங்க."

புரோக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். உங்கள் மாப்பிள்ளையும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எனக்கு மெக்கானிக்கல் சீட்டு வாங்கித் தந்ததே நீங்கள்தானே? அப்பா பி.காம். போதும் என்றபோது, "எம் பொறந்தவ லாரி ஊருல பொறந்தவ, அவ மெசினுதான் படிப்பா" என்று திருச்செங்கோட்டில் காலேஜ் காலேஜாக என்னோடு அலைந்தீர்கள். படித்துவிட்டு வந்து நான் வாயைத் திறந்தால், "புக்குல போட்டிருக்கறத ஒப்பிக்குது புள்ள" என்று பட்டறைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். பிறகு எதற்குப் படிக்கவைத்தீர்கள் அண்ணா? கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கா?

அந்தப் பட்டறையையும் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த தகரத் தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, போர் போடும் ரிக் வண்டிக்குக் கட்டுவதுபோல இரும்புத் தகட்டில் பாடி கட்டினீர்கள். சாய்வுப் பலகைகள் இரண்டு, அதுவும் இரும்பு. நாமக்கல்லில் பாடி என்றால் தட்டினால் கோயில் மணி மாதிரி சத்தம் வர வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் மனசு ஆறாது. அந்த இரும்பும் எடைதான், அதையும் அந்த வண்டிதான் சுமக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதல் தடவை ஜீப்பை ஏற்றியபோது பின்பக்கம் பொத்தென்று தாழ்ந்தது. பட்டறைக்காரர் குனிந்து பார்த்து, "உக்காருதுங்க" என்றார்.

"உக்காந்தா என்ன? ஸ்பிரிங்குக்கு ரெண்டு பட்டை சேத்தி உடுங்க."

சேர்த்தார். அடுத்த நாள் ஏற்றினீர்கள். வண்டி மட்டமாக நின்றது. "பாத்தியா சாமி? முகூர்த்தத்துக்கு நிக்கற மாப்ள மாதிரி எப்பிடி நிக்குது பாரு!"

அங்கேதான் எல்லாம் தப்பாகப் போயிற்று. இந்த ஊரில் எல்லாரும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் எடையைக் கணிக்கிறார்கள். உட்கார்ந்தால் பாரம் அதிகம், நின்றால் சரி. நீங்கள் பட்டையைச் சேர்த்து அது உட்கார முடியாதபடி செய்தீர்கள். செய்துவிட்டு, பாரமே குறைந்துவிட்டதாக நம்பினீர்கள். ஸ்பிரிங்குக்குப் பட்டை சேர்க்கலாம். பிரேக்குக்கு எதைச் சேர்ப்பது? இதைப் பட்டறையிலேயே கேட்டேன். "நீ பையனுக்குப் பால் குடுத்தயா?" என்று திருப்பிக் கேட்டீர்கள்.

நாலைந்து போட்டிகளுக்குப் போய்த் திரும்பியது அந்த வண்டி. அதுவே உங்களுக்குப் போதுமான அத்தாட்சியாகிவிட்டது.

கடைசிப் போட்டிக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் கிளம்பிய அன்று, அம்மாபேட்டையில் மாமியார் வீட்டுச் சொந்தத்தைப் பார்த்துவர நானும் பையனும் சேலம் வரை உங்களோடு வந்தோம். வழியில் டீக்கு நிறுத்தினீர்கள். எதிரே எடைமேடை. உங்கள் மாப்பிள்ளையும் மற்றவர்களும் டீக்கடைக்குப் போய்விட, நான் விடவில்லை. "ஒரே ஒரு தடவ ஏத்திப் பாருங்கண்ணா."

"உன்ற வாய மூடறதுக்காச்சும் ஏத்தறேன் இரு. பையனத் தூக்கிக்கிட்டு நீ எறங்கிக்க. அப்பறம் உன்ற எடைனு பேச்சு வரும்."

எடை போட்டவர் சீட்டை என்னிடம் நீட்டினார். பார்த்துவிட்டு உங்கள் கையில் கொடுத்தேன். ஆர்சி புக்கில் அனுமதித்த மொத்த எடை மூன்று டன்னுக்கும் குறைவு. சீட்டில் நாலு டன்னைத் தாண்டியிருந்தது. அதுவும் ஆட்கள் ஏறாமல். நீங்கள் அதை ரொம்ப நேரம் பார்த்தீர்கள். கிண்டல் ஏதும் செய்யவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை அண்ணா. சிரித்திருந்தால், உங்களுக்குப் புரியவில்லை என்றாவது எடுத்துக்கொண்டிருப்பேன். சீட்டை நாலாக மடித்து என் கைப்பைக்குள் போட்டீர்கள்.

"மாப்ளகிட்டச் சொல்லாத சாமி. அவன் பயந்துக்குவான். கூட வராமக்கூடப் போயிருவான். இந்த ஒரு தடவ போயிட்டு வந்தர்றேன். வந்ததீம் ஆறு வீலே எடுத்துக்கலாம்."

நான் "சரிங்ணா" என்றேன்.

போட்டி முடியுமுன்பே பையனுக்குக் காய்ச்சல் கண்டது. போன் செய்தேன், இவர் பஸ் பிடித்து வந்துவிட்டார். மற்றவர்கள் வேறு காரில் முன்னால் போய்விட, நீங்கள் ஜீப்பை ஏற்றிக்கொண்டு தனியாகத் திரும்பினீர்கள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி உருண்டதில் ஜீப்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதைச் சுற்றித்தான் இரும்புக் கூண்டு போட்டிருந்தீர்களே. நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வெறும் தகரம்.

துக்கத்துக்குப் போட்ட பந்தலில் ஆண்கள் உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிரேக் பெயிலியர். முந்தின வாரம் பிரேக் பார்த்தவர் வெண்ணந்தூர் மெக்கானிக். அப்படியென்றால் அவர் செய்த வேலைதான். காரியத்துக்கு அவர் வந்தார். பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். ஒருவரும் "வாங்க" என்று சொல்லவில்லை. கை நனைக்காமல் போய்விட்டார். அவரிடம் இப்போது யாரும் வண்டி விடுவதில்லை என்று கேள்வி. என் பைக்குள் சீட்டு இருந்தது. நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடமாக அந்தச் சீட்டு பையனின் தடுப்பூசி அட்டைக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் பார்ப்பேன், மூடுவேன்.

இன்று சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க, பிக்கப்பு வேண்டாங்க. ஆறு வீல் பாருங்க" என்றேன்.

"மச்சான் பாத்து எடுத்த வண்டி. வண்டியப் பத்தி அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

"அவரு எடுத்ததுதாங்க தப்பு."

"செத்தவரப் பத்திப் பேசாத. அந்த மெக்கானிக் பண்ணுன வேலைக்கு வண்டிய எதுக்குக் குத்தஞ் சொல்ற?"

எழுந்துபோய்ச் சீட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வண்டி எண்ணைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். எடையை விரல் வைத்துப் படித்தார்.

"அன்னைக்குப் போறப்ப போட்டதா?"

"ஆமாங்க."

"மச்சானுக்கு இது தெரியுமா?"

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அண்ணா. தெரியும் என்று நான் சொன்னால், தெரிந்தே அவரையும் அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனீர்கள் என்று ஆகிறது. உங்களை விட்டால் அவருக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது. என் வாய் தானாகச் சொன்னது.

"தெரியாதுங்க. நாந்தான் வாங்கிப் பையில வெச்சேன். அவருகிட்டக் காட்டல."

சீட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா எம் மச்சான் இருந்திருப்பாரு" என்றார். எம் மச்சான். எனக்கு நீங்கள் ஒன்றுமே இல்லாததுபோல. அப்புறம் புரோக்கருக்குப் போன் போட்டார். "பிக்கப்பு வேண்டாங்க. ஆறு வீலு ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க." சாப்பிடாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஆக, நான் ஜெயித்துவிட்டேன். என் பிள்ளை பிரேக் பிடிக்கிற வண்டியில் உட்காருவான். அதற்கு நான் கொடுத்தது இது. இனிமேல் இந்த வீட்டில், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அண்ணனைச் சாகவிட்டவள் நான். உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது.

காலையில் வெண்ணந்தூர் போகலாம் என்று இருக்கிறேன். அந்த மெக்கானிக்கிடம், "உங்க மேல தப்பில்லீங்க" என்று சொல்ல வேண்டும். "அப்ப யாருமேல தப்பு?" என்று கேட்பார். நியாயம்தானே? உண்மையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் அது இந்த வீட்டுக்கு வந்துவிடும். இவருக்குச் சொன்ன பொய்யையே அவருக்கும் சொன்னால், அதற்குப் பிறகு அதுதான் நடந்ததாக ஆகிவிடும். நீங்கள் இருக்கும்போதும் உங்களுக்காகப் பேசாமல் இருந்தேன். இல்லாதபோதும் நானேதான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

புரோக்கரின் இடத்தில் நின்று சொன்னேன். பட்டறையில் சொன்னேன். எடைமேடையில் உங்கள் கையிலேயே கொடுத்துச் சொன்னேன். எடைமேடையில் சொன்னது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அண்ணா. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.