கட்டம் சேராத சட்டை

மார்ச் 4
மகன் போய் இருபத்திரண்டு நாள். இன்றுதான் தையல் கடையைத் திறந்தேன். மெஷினில் உட்கார்ந்தேன், கால் மிதிக்கவில்லை. எதிர் டீக்கடையில் புதிதாக ஒருவர். ஒரே டீயை இரண்டு மணி நேரமா குடிப்பார்கள்? போலீஸ் ஸ்டேஷன் ஆள்தான். வேறு யார்?

மார்ச் 9
நம் வக்கீல் அம்மா கோர்ட் வராந்தாவில் இன்ஸ்பெக்டரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என் பையனைச் சுட்டவனோடு என்ன சிரிப்பு? கேட்டேவிட்டேன்.
"தினம் பாக்குற முகம்யா. முறைச்சுக்கிட்டா இங்க நடமாட முடியுமா?"
பதில் தடங்கலில்லாமல் வந்தது. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 17
கோர்ட்டில் அவன் சட்டையைக் காட்டினார்கள். கத்தியோடு பாய்ந்தானாம், நேருக்கு நேர் நின்று சுட்டாராம் இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரிச் சான்றும் அதே பாட்டு. நீலக் கட்டம், ரத்தம், நெஞ்சில் ஓட்டை, எல்லாம் சரி. ஆனால் பாக்கெட்? நான் தைத்தால் பாக்கெட்டின் கட்டமும் சட்டையின் கட்டமும் கோடு பிசகாது. இதில் அரை விரல் தள்ளி நிற்கிறது. கடையில் வாங்கிய சட்டை! டேய், யாருகிட்டடா சட்டையை மாத்துறீங்க? பெத்தவன்கிட்டயா, தைச்சவன்கிட்டயா?
வெளியே வந்து வக்கீல் அம்மாவிடம் சொன்னேன். "இதப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கய்யா" என்றார்.

மார்ச் 18
ஏன் விடக் கூடாது? விலை போய்விட்டாரா?

மார்ச் 20
யாரிடம் போனில் பேசினாய் என்று அவன் அம்மாவிடம் கத்திவிட்டேன்.
"என் தங்கச்சிகிட்ட. இப்ப என் மேலயும் சந்தேகமா? நானும்தாங்க அவனைப் பெத்தேன்."


ஏப்ரல் 2
முதலில் இன்ஸ்பெக்டரைக் கூண்டில் ஏற்றினார் வக்கீல் அம்மா. "இது அவன் போட்டிருந்த சட்டைதானா?" "ஆமா, என் கையால கழட்டினேன்." திருப்பித் திருப்பிக் கேட்டார். ஆமா, ஆமா. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். அவன் சட்டைக்கு வெட்டியதில் மீந்த துணியையும், அதே துணியில் எனக்குத் தைத்துக்கொண்ட சட்டையையும் மேசையில் விரித்தேன். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார்.
இதற்காகத்தான் என் வாயைக் கட்டியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. மன்னிப்புக் கேட்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11
இன்ஸ்பெக்டர் உள்ளே. கூட இருந்த ஏட்டு இன்று நீதிபதி முன் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். கத்தியே கிடையாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியவனை வேறு யாரோ என்று நினைத்து முதுகில் சுட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் உயிர் இருந்திருக்கிறது. "அப்பாவுக்கு ஒரு போன் போடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம்.
வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள் அவன் அம்மா.
"ஏட்டு என்ன சொன்னாரு? புள்ள ஏதாச்சும் பேசினானாமா?"
"இல்ல. உடனே போயிட்டானாம்."
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
பேப்பர் போடுகிறவரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.