வேந்தரின் தேர் வழித்தகுதி பெற்ற வரலாறு

நலம் பெருகுக. மழை தவறாது பெய்க. கடலலை தாலாட்டும் கருங்கழி நாட்டின் பட்டத்தரசியும், உப்பளங்களையும் முத்துத்துறைகளையும் ஒரு புருவ அசைவால் ஆள்பவரும், மலைநாட்டு வேந்தர் வயிரவேலருக்கு உடன்பிறந்த தமக்கையாருமாகிய ஆம்பல்நங்கையாரின் திருமுன்பு, குன்றக்கோட்டைப் பேரமைச்சன் குழைக்காதன் தலைவணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அரண்மனையில் பந்தற்கால் நிமிர்ந்து நிற்க. மணமகள் கொன்றைநல்லாளின் கைகளில் மருதாணி கருஞ்சிவப்பாய்ப் பிடிக்க. சமையற்கட்டில் பாயசம் அடிபிடியாதிருக்க.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்து அவையில் உரக்கப் படிக்கப்பட்டது. பாதிக்கு மேல் மெல்லப் படிக்கப்பட்டது. கொன்றைநல்லாளின் காதணி விழாவன்று வேந்தரின் தேர் நடுவழியில் அச்சு முறிந்து கிடந்ததும், மாமன் மடி வாராமையால் குழந்தையைத் தங்கள் படைத்தலைவரின் மடியில் அமர்த்திக் காது குத்தியதும் அதில் மீண்டும் நினைவூட்டப்பட்டிருந்தன. இம்முறையும் தேரைக் காரணம் காட்டிச் செய்தி வருமானால், மணமேடைக்குப் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துவரும் மாமன் உரிமையையும் அந்தப் படைத்தலைவருக்கே அளித்துவிடுவதாகத் தாங்கள் எழுதிய வரியைக் கேட்டு வேந்தர் ஓலையைப் பிடுங்கித் தாமே மறுமுறை படித்தார். பின்பு, அந்த ஆளிடம் மடியைத் தவிர வேறு என்ன பெரிதாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

இம்முறை தேர் பழுதாகவில்லை என்பதை முதற்கண் உறுதி கூறுகின்றோம். புறப்பாடு பிந்தியதற்குக் காரணம் வேந்தரே இயற்றிய சட்டம்.

சென்ற ஆண்டு எண்ணெய் வணிகர் ஒருவரின் வண்டியிலிருந்து கழன்ற சக்கரம் ஒன்று, வண்டியைப் பற்றிய கவலை சிறிதுமின்றிக் கடைத்தெருவில் தனியே உருண்டு, துணிக்கடைக்குள் முன்வாசலால் புகுந்து, பட்டுச்சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு பின்வாசலால் வெளியேறிற்று. அன்றே வேந்தர் ஆணை பிறப்பித்தார். எவ்வகை வண்டியாயினும், எவர் ஏறும் தேராயினும், ஆண்டுக்கு ஒருமுறை வழித்தகுதிச் சோதனையில் தேறி முத்திரை பெறாமல் நாட்டெல்லையைத் தாண்டலாகாது என்பது அவ்வாணை. எவர் ஏறும் தேராயினும் என்ற தொடரை வேந்தரே சேர்த்து, அதன் அழகுக்காக மறுமுறையும் படிக்கச் செய்து கேட்டு மகிழ்ந்தார். தம் தேர் நினைவில் வந்திருந்தால் அத்தனை மகிழ்ந்திருக்கமாட்டார்.

அரசர் தேருக்கு மட்டும் விலக்கு அளித்து ஓர் ஓலை எழுதிவிடலாமே என்று அமைச்சர் குழு பணிந்து கூறியபோது, வேந்தரின் முகம் சிவந்தது. மாட்டுவண்டிக்காரர்கள் எல்லாரும் வெயிலில் வரிசையில் நின்று முத்திரை வாங்கினார்கள்; நாம் பின்கதவால் நழுவினால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் கேட்டார். நம் தேரில் குறை காண்பவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

குறை காண்பவரோ பிறந்து, வளர்ந்து, வேந்தராலேயே வழித்தகுதி ஆய்வாளராக அமர்த்தப்பட்டிருந்தார். மாசிலாநாச்சியார் என்பது அவர் பெயர். முகத்துக்கு அஞ்சாதவர் வேண்டும் என்று வேந்தர் தேடிப் பிடித்த அம்மையார் அவர். அரண்மனையில் அனைவரும் அவரை மெச்சுவோம். தெருவில் எதிர்ப்பட்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவோம்.

சோதனைக்குத் தேரை ஆயத்தம் செய்யும் வேலையை வேந்தர் பிறரிடம் விடவில்லை. மேலாடையைக் களைந்து கச்சையை வரிந்து கட்டிக்கொண்டு, சாரதி பொறையன் தடுக்கத் தடுக்கத் தாமே தேருக்கு அடியில் ஊர்ந்து சென்று அச்சுக்கு மசகிட்டார். இட்டதில் பாதி அச்சுக்கும் பாதி வேந்தருக்கும் சேர்ந்தது. இருக்கையின் அடிப்பெட்டியைத் திறந்தபோது, காணாமற்போன வெள்ளி எச்சிற்படிக்கம், காய்ந்த வெற்றிலைக் கட்டுகள், அண்டை நாட்டு அரசர் ஒருவர் மறந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு ஆகியவற்றோடு, குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த பூனை ஒன்றும் வெளிப்பட்டது. வேந்தர் அதனை முறைப்படி வெளியேறப் பணித்தார். பூனை முறைப்படி அவர் மூக்கைப் பிறாண்டிற்று. மணவிழாவில் தாங்கள் காணப்போகும் தழும்பு அதுவே; போர்க்களத்தில் பெற்றது என்று எவரேனும் கூறினால் மறுக்காதிருக்க வேண்டுகின்றோம். பூனையும் குட்டிகளும் இப்போது அரியணையின் உதிரி மெத்தையில் நலமாக உள்ளன.

சோதனை நாளன்று ஊர் முழுதும் மைதானத்தில் கூடிவிட்டது. தேரும் மலைபோல் நிமிர்ந்து, மின்னியபடி வந்து நின்றது. மாசிலாநாச்சியார் மூங்கிற்கோலால் சக்கரங்களைத் தட்டிச் செவி சாய்த்துக் கேட்டார். கடையாணியை அசைத்துப் பார்த்தார். தேருக்கு அடியில் குனிந்து நிமிர்ந்து, மசகு நன்றாகவே இடப்பட்டிருக்கிறது என்றார். வேந்தர் பட்டம் சூடிய நாளில்கூட அவ்வளவு பூரித்து எவரும் கண்டதில்லை.

அந்தப் பூரிப்பு நிலைக்கவில்லை. தேரின் நாற்புறமும் சாம்பிராணிச் சட்டிகள் புகைந்துகொண்டிருந்தன. பின்னால் வந்த வண்டிக்காரர் இருமி இருமி வழி தவறி வைக்கோற்போரில் ஏறியதைச் சுட்டிக்காட்டி, இந்தப் புகையை அவித்தாலன்றி முத்திரை கிடையாது என்று நாச்சியார் கூறினார். வேந்தர் பல்லைக் கடித்துக்கொண்டு அவிக்கச் சொன்னார். அடுத்து அம்மையார் தேரிலிருந்த கண்ணாடிகளைப் பார்த்தார். அவை அனைத்தும் வேந்தரின் திருமுகத்தையே நோக்கியிருந்தன. பின்னால் வருவது இவற்றில் எப்படித் தெரியும் என்று அவர் வினவ, பின்னால் என்ன வந்தால் நமக்கென்ன என்று வேந்தர் விடை பகர்ந்தார். பின்னால் வருபவருக்கும் மூக்கு முழி உண்டு, உடைந்தால் ஒட்டாது என்றார் நாச்சியார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேந்தர் ஒரு கண்ணாடியை மட்டும் பின்புறம் திருப்பச் சம்மதித்தார். அதுவும் தம் முகம் அவ்வளவு நன்றாக விழாத கண்ணாடியை.

இறுதியாக ஒலிச்சோதனை. குறுக்கே ஓர் உயிர் வந்தால் தேர் எவ்வாறு எச்சரிக்கும் என்று நாச்சியார் கேட்டார். அதற்கெனப் பரம்பரைக் கட்டியக்காரர் தழங்குகுரலார் இருக்கிறார் என்று பெருமையோடு விடை வந்தது. உடனே அம்மையார் எருமை ஒன்றை ஓட்டிவரச் செய்து பாதையின் நடுவே நிறுத்தித் தேரைச் செலுத்தப் பணித்தார்.

தேர் புறப்பட்டது. தழங்குகுரலார் மூச்சை இழுத்து, மலைகள் முடிதாழ்த்தும் மன்னர் மன்னர், அருவி குலத்தின் அணிவிளக்கு, பகைவர் கனவில் பகலிலும் தோன்றும் பெருமான் என்று தொடங்கினார். விருதுப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குதிரைகளும் வந்தன. விலகுக என்ற சொல் எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்தது. அவர் யானைக்கொடை வள்ளல் என்ற விருதுப்பெயருக்குச் சற்று முன்னால் இருக்கையில் எருமை எட்டிப்பிடிக்கும் தொலைவுக்கு வந்துவிட, பொறையன் அலறிக்கொண்டு முட்டுக்கட்டையைப் போட்டார். தேர் நின்றது. வேந்தர் நிற்கவில்லை, அவர் முன்னே சென்று எருமையின் முதுகில் அமர்ந்தார்.

எருமை அசை போடுவதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தது. முட்டுக்கட்டை மிக நன்று, ஒலி தேறவில்லை என்று நாச்சியார் அறிவித்தார். பொழுது சாய்வதற்குள் குறையைச் சீர்செய்து வந்தால் மறுசோதனை உண்டு. இல்லையேல் அடுத்த திங்களில் வரலாம் என்றும் கூறினார். அடுத்த திங்களில் கொன்றைநல்லாள் புகுந்த வீட்டில் இருப்பாள்.

எருமையை விட்டு இறங்கிய வேந்தர் ஆலமரத்தடியில் அமர்ந்து விருதுப்பெயர்களைக் குறைக்கத் தொடங்கினார். அருகிருந்த இவ்வமைச்சனுக்கு அக்காட்சியை விவரிக்க மனம் வரவில்லை. அருவி குலம் வேண்டாம் என்றார். சற்றுப் பொறுத்து, அணிவிளக்கு மட்டும் இருக்கட்டுமா என்று கேட்டார். பகைவர் கனவை நீக்கும் முன் அதனை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தார். தழங்குகுரலாரோ ஒவ்வொரு பெயர் போகும்போதும், இது என் பாட்டனார் புனைந்தது, இது என் தந்தையார் புனைந்தது என்று விம்மினார். ஈற்றில் விலகுக என்ற ஒரு சொல் மட்டுமே எஞ்சியது. ஒரு சொல்லுக்கா என்னைப் பெற்றார்கள் என்று தழங்குகுரலார் கேட்டார். வேந்தர் அவர் தோளில் கைவைத்து, மணவிருந்தில் இலை போட்டபின் எவரும் எழுந்து ஓட முடியாது, அப்போது முழுவதையும் சொல், வேண்டுமானால் மறுமுறையும் சொல் என்று தேற்றினார்.

மறுசோதனை தொடங்கியது. எருமை அதே இடத்தில் நின்றது. தேர் விரைந்தது. தழங்குகுரலார் வாயைத் திறந்தார். காற்று மட்டுமே வந்தது. எருமை பெரிதாகிக்கொண்டே வந்தது. பொறையனின் கை முட்டுக்கட்டையை நோக்கிப் போயிற்று. தேர் மீண்டும் நின்றால் முத்திரை இல்லை. முத்திரை இல்லையேல் மாமன் இல்லை. மருமகள் மணமேடையில் திரும்பிப் பார்க்கையில் அங்கே நிற்பது அந்தப் படைத்தலைவர். இதெல்லாம் வேந்தரின் உள்ளத்தில் ஒருசேர எழ, அவர் தேர்த்தட்டில் ஏறி நின்று, முடி நழுவிக் காதில் தொங்க, அடிவயிற்றிலிருந்து, ஏய், ஓரம் போ என்று கத்தினார்.

மலைநாட்டில் அப்படியொரு குரல் அதற்கு முன் கேட்டதில்லை. எருமை துள்ளி ஓடி வரப்பைத் தாண்டிற்று. கூட்டத்தில் பாதிப்பேரும் ஓரம் போயினர். இவ்வமைச்சனும் போனான். தேர் தங்குதடையின்றி மைதானத்தைக் கடந்தது.

மாசிலாநாச்சியார் அசையாமல் நின்றிருந்தார். ஒலிக்கருவி மிகச் சிறப்பு என்று கூறி முத்திரையைத் தேரில் பதித்தார். வேந்தர் ஆனந்தக் கண்ணீர் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மையார் சட்டத்தின் பிற்பகுதியையும் நினைவூட்டினார். சோதனையில் தேறிய கருவியையே வழி நெடுகப் பயன்படுத்த வேண்டும். இடையில் மாற்றினால் முத்திரை செல்லாது. இதை எழுதிய மூடன் யார் என்று வேந்தர் கேட்க வாயெடுத்து, நினைவு வந்து மூடிக்கொண்டார்.

ஆகவே, தமக்கையார் அறிக. வேந்தர் தேரேறிப் புறப்பட்டுவிட்டார்; இவ்வோலை தங்கள் கையில் சேரும் வேளையில் பாதி வழி கடந்திருப்பார். வழியில் ஆடு வரினும், அன்னக்காவடி வரினும், அண்டை நாட்டு அரசரே வரினும் அவரே எழுந்து நின்று கத்தியாக வேண்டும். முதல் நாள் அவர் வெட்கத்தால் மெல்லக் கத்தியதாகவும், இப்போது குறுக்கே எவரும் வராதபோதும் கத்திப் பார்ப்பதாகவும் உடன்சென்ற குதிரைவீரன் திரும்பிவந்து செய்தி கொணர்ந்துள்ளான். தொண்டைக்கு மிளகுப்பால் ஆயத்தமாக இருப்பது நன்று.

தங்கள் தலைவாயிற் காவலர்க்கும், தெருக்களில் பந்தலிடுவோர்க்கும், குறிப்பாக அந்தப் படைத்தலைவர்க்கும் வயிரவேல் வேந்தர் இலச்சினையிட்டு விடுக்கும் வேண்டுகோளும் ஆணையும் இதுவே. மலைப்பாதையின் திருப்பத்தில் அக்குரல் கேட்ட அக்கணமே, யார் எவர் என்று ஆராயாது, மறுமொழி கூறாது, கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு, மணப்பெண்ணின் மாமன் வருகிறார் என்றறிந்து, அனைவரும் ஓரம் போவீர்களாக.