நேற்றைய மீனும் என் சட்டையும்

காலைப் பூசைக்குப் போன ஹெலன் திரும்புவதற்குள், தோல் பதனிடும் டேனரிக்குப் போகிற பஸ் வந்துவிடும். அவள் கணவன் இருதயராஜ் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான்:

"ஹெலன், சாவி பக்கத்து வீட்டு ஷர்மிளாகிட்ட குடுத்திருக்கேன். மிச்ச மீன் ஃபிரிட்ஜ்ல இருக்கு. காளான் சாஸ்ல கொஞ்சம் பால் ஊத்தி சூடு பண்ணு. தீ ஜாஸ்தி வெச்சா கிரீம் திரிஞ்சிடும்."

பேனா நின்றது. நேற்று அவள் யூடியூப் பார்த்துச் சுட்ட மீனைத் தட்டில் வைத்து, சாஸை ஊற்றியதும், விருந்துக்கு வந்திருந்த அவளுடைய அண்ணன் மூக்கைச் சுளித்தார். "இன்னாடி, கெட்டுப்போன மீனா வாங்கியாந்த?" என்று அவர் எதிரிலேயே கேட்டது இவன்தான். அண்ணன் சாப்பிடாமலே எழுந்துவிட்டார். ஹெலன் மீனை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தாள்.

பச்சைத்தோல் புரட்டுகிறவன் மூக்குக்குத் தன் நாற்றம் தெரியாது. அதனால்தான் தினமும் பின்வாசலில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவான். நேற்று விருந்தாளியைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இன்று காலை ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தான். மீன் அருமையாக இருந்தது. பின்வாசல் பக்கெட்டில் அவன் சட்டை, இரவே அவள் ஊறவைத்தது, சோப்புத் தண்ணீரில் கிடந்தது. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அண்ணன் முன்னால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தாளில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினான்:

"சட்டைய தொடாத, நானே வந்து தொவைக்கிறேன். மச்சானுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன். மீன் நல்ல மீன்தான், நாறுனது நான்தான்னு."