திருவிடந்தைக்குப் போவதாகச் சொல்லி

பரணிலிருந்து இறக்கிய பழைய ஒயர்கூடையைத் தட்டினேன். பின்னலின் இடுக்கிலிருந்து கொஞ்சம் மணல் உதிர்ந்தது. திருவிடந்தை மணலாகத்தான் இருக்கவேண்டும், வேறெந்தக் கடற்கரைக்கும் அந்தக் கூடை போனதில்லை. உன்னிடம் சொல்லலாமென்று போன் பக்கம் போன பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

எண்பதுகளின் கடைசி. நாம் இருவரும் தாம்பரத்தில் ஒரே ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தோம். சேலையூரில் உன் வீட்டார் உனக்கு மாப்பிள்ளை பார்த்துச் சலித்திருந்தார்கள். திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்தி, அதைப் போட்டுக்கொண்டு சுற்றி வந்தால் கல்யாணம் கூடிவரும் என்று யாரோ சொல்ல, என்னைத் துணை சேர்த்து உன் அம்மா அனுப்பினார். ஒருமுறை போனால் போதுமாம். நீதான், "மாசாமாசம் வந்தா நல்லதாம்மா" என்று அளந்துவிட்டாய்.

கேளம்பாக்கத்தில் பஸ் மாறிப் போவோம். கோயிலைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். கடை கிடையாது, ஆள் கிடையாது. மாசியில் போனால், ராத்திரி முட்டையிட வந்த ஆமையின் தடம் மணலில் அப்படியே கிடக்கும். பெருமாளுக்குக் கால் மணி, மீதிப் பொழுதெல்லாம் நடைதான். சும்மா நடக்கப் போகிறோம் என்றால் நம் வீடுகளில் யார் விட்டிருப்பார்கள்? கல்யாணம் ஆனால் இதுவும் போய்விடும் என்று பயந்தாய்.

"என்னடி வேண்டிக்கிட்ட?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுவும் அமையக்கூடாதுன்னு" என்றாய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு அமைந்தது. "பெருமாள் ஆள மாத்திட்டாருடி" என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டு மறுபடி டைப் அடிக்க உட்கார்ந்துவிட்டாய். என் ஞாயிறுகள் அதோடு சமையலறைக்குப் போயின.

உன்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அடுத்த மாதம் உன் அம்மாவே கூட வந்தார். தரிசனம் முடிந்ததும் அவரைத் தோப்புக்கு அப்பால் கூட்டிப்போய், "எனக்குக் கல்யாணம் வேணாம்மா. மாசம் ஒருநாள் இங்க நடக்க விடு, போதும்" என்று சொன்னாயாம். அவர் காலை நனைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம்.

"இத வீட்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இதுக்கு ரெண்டு பஸ் மாறி வரணுமா?"

அவ்வளவுதான். ஜாதகக் கட்டு அலமாரிக்குப் போயிற்று. தொண்ணூறுகள் முழுக்க அம்மாவும் பெண்ணுமாகப் போய் வந்தீர்கள். திங்கட்கிழமைகளில் நீ சொல்லக் கேட்கும்போது எனக்கு சந்தோஷமாக இருக்கும். பொறாமையாகவும் இருக்கும்.

இப்போது என்னை எங்கே, எதற்கு என்று கேட்க யாருமில்லை. சில ஞாயிறுகளில் போய் நடந்துவிட்டு வருகிறேன். கடல் பக்கமாக எப்போதும் நீதான் நடப்பாய், அலை ஏறினால் உன் புடவைதான் நனையும். இன்றும் நான் தண்ணீரிலிருந்து ஒரு ஆள் அளவு தள்ளித்தான் நடக்கிறேன்.