பூட்டி வைத்த படங்கள்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மந்தைவெளி மெடிக்கலில் வாங்க: டயப்பர், பஞ்சு, மனைவி ஜெயாவின் மாத்திரை.

டேப்லெட் திரையில், நோட்ஸ் ஆப்பில், அவள் தொட்டுக் காட்ட ஒரு பக்கம் செய்தேன். தண்ணீர், பாத்ரூம், வலி, ஃபேன், ஆமாம், வேண்டாம். எல்லாம் படமாக. பேச்சு கோடையிலேயே போய்விட்டது. தசைகள் ஒவ்வொன்றாக ஓயும் நோய். மிச்சம் வலது கை ஆள்காட்டி விரல். புத்தி மட்டும் அப்படியே. அதுதான் கொடுமை.

அவள் தொட்டால் படம் விரலோடு இழுபடுகிறது. தண்ணீர் போய் ஃபேன் மேல் உட்கார்ந்துகொண்டது. தாகமா புழுக்கமா தெரியாமல் இரண்டுக்கும் ஓடினேன்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் மேரி: "இன்னா சார், படம்லாம் ஓடிக்கினே கீது? அக்கா இன்னா கேக்குதுன்னே புரியல."

நவ. 13, வியாழன்

மழை விட்டது. அடையாறு டாக்டர். எடை மறுபடி குறைவு. விழுங்கும்போது புரையேறுகிறது. வயிற்றில் துளை போட்டு, சாப்பாட்டுக்கு டியூப் வைக்க வேண்டுமாம். "அவங்க சம்மதம் கேட்டுட்டுச் சொல்லுங்க. ரொம்பத் தள்ளிப்போடாதீங்க."

வீட்டுக்கு வந்து கேட்டேன். விரல் வேண்டாம் பக்கம் போனது. படம் வழுக்கி ஆமாம் மேல் ஏறியது.

"ஆமாம்னுதானே சொல்ற?"

கண்ணை மூடிக்கொண்டாள். சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

நவ. 14, வெள்ளி

மகள் வித்யா, பெங்களூரிலிருந்து வீடியோ கால். "அப்பா, படத்தை அழுத்திப் பிடிங்க. மெனு வரும். அதுல லாக்னு இருக்கும். போட்டுட்டா அசையாது."

போட்டேன். ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டிப் பூட்டு. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஜெயா தண்ணீரைத் தொட்டாள். தண்ணீர் அங்கேயே இருந்தது. ஸ்பூனில் கொடுத்தேன். மேரி கை தட்டினாள். நானும் சிரித்தேன் போல.

பிறகு டியூப் பற்றிக் கேட்டேன். வேண்டாம். திரும்பக் கேட்டேன். வேண்டாம். மேரியைக் கேட்கச் சொன்னேன். வேண்டாம்.

படம் நகர்ந்துவிட்டது என்று இனி சொல்ல முடியாது.

நவ. 15, சனி

போனில் வித்யா அழுகை. "அம்மாவை அப்படியே விட்டுடப் போறீங்களா? நீங்க கையெழுத்துப் போடுங்கப்பா."

மேரி: "அக்கா தெளிவாத்தான் சொல்லிக்கினு கீது சார். நாமதான் காதுல வாங்க மாட்டேன்றோம்."

மேரி கடைக்குப் போனதும் பூட்டைத் திறந்தேன். வேண்டாம் படத்தை எடுத்துவிட்டேன். மற்றவை அப்படியே. ஜெயா முன்னால் வைத்தேன்.

"டியூப் வெச்சுக்கலாமா, ஜெயா?"

விரல் மெல்லப் போய், அந்தப் படம் இருந்த காலி இடத்தில் நின்றது. விரலை எடுக்கவே இல்லை. என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

நவ. 16, ஞாயிறு

மறுபடி மழை. படத்தைத் திரும்ப வைத்தேன். அதே இடம். பூட்டினேன். ஜெயா பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்குப் போன். "வேண்டாங்கறாங்க" என்றேன். "சரி" என்றார்.

வித்யா ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

காலையில் கஞ்சி. நன்றாக மசித்து, வடிகட்டி. இரண்டு ஸ்பூன் இறங்கியது. அடுத்ததற்கு வாயைத் திறக்கவில்லை.