குழந்தை அரசனுக்கு வேறு ஆள்

1988 கார்த்திகை, ஞாயிறு. சில்க்போர்க், டென்மார்க்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நான் எழுதிய நாடகத்துக்கு இன்று ஒத்திகை. தகப்பன் இறக்க, சின்னப் பையன் அரசனாகிறான். அவன் பெயரில் சிற்றப்பன் ஆள்கிறான். ஆண்டு முடியுமுன் அவனைக் கொன்றும் விடுகிறான். அந்த அரசனாக என் மகன் நடிப்பான் என்று நினைத்துத்தான் எழுதினேன். சின்னப் பையனாக விட்டுவந்த அவனும் தாயும் நாலு வருசமாகியும் இன்னும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். எத்தனை முறை கேட்டாலும், பரிசீலனையில் இருக்கிறது என்பதுதான் அமைச்சின் பதில்.

சங்கத் தலைவர் எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். “மாஸ்டர், உங்கடை மகன் வரட்டுமெண்டு போன வருசமும் நாடகத்தைத் தள்ளி வைச்சம். இந்த முறையும் அரசனில்லாமல் சிற்றப்பன்தான் ஆளுறதோ? என்ரை பெடியன் நடிக்கட்டும்.”

குடும்பத்தை எப்போதோ கூப்பிட்டுவிட்டவர். அவருக்குப் பகிடி வரும். ஏலாது என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

வந்த கையோடு கொழும்புக்கு ஃபோன் எடுத்தேன். ஒரு ஆம்பிளைக் குரல் ஹலோ என்றது.

“ஆர் நீர்? என்ரை மனுசியைக் கூப்பிடும்.”

“அப்பா, நான்தான்.”

பிறகு என்ன கதைத்தேன் என்று நினைவில்லை. ஃபோனை வைத்ததும் தலைவரைக் கூப்பிட்டு, அவருடைய மகனே நடிக்கட்டும் என்றேன்.

“ஏன் மாஸ்டர், திடீரெண்டு?”

“அரசன் சின்னப் பெடியனெல்லே,” என்றேன்.